ராமநகரத்துப் பாறையும் பராபர் குகையும்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் பெங்களூர்க்காரர்கள் லால்பாக் காட்டுவோம், மைசூர் அரண்மனை காட்டுவோம். என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை. எந்தப் படம் எங்கே எடுத்தது என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். 'மால்குடி டேஸ்' தொடருக்கு ஆகும்பே, 'தளபதி'க்கு (1991) மேல்கோட்டை, 'ஷோலே'வுக்கு ராமநகரம். ராமநகரம்தான் கிட்டத்தில், மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். வந்தவாசியிலிருந்து வந்திருந்த சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

ராமதேவர பெட்டா அடிவாரத்தில் 'ஷோலே'வுக்காக ஒரு கிராமத்தையே கட்டினார்கள். 1973 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கிற்று, படம் வெளிவந்தது 1975 ஆகஸ்ட் 15. இப்போது கிராமம் இல்லை, பாறை இருக்கிறது. 2012 முதல் அது பாறு கழுகுகளின் சரணாலயம்.

சம்பந்திக்கு 'ஷோலே' ஒரு பொருட்டில்லை. "இங்கே குகையெல்லாம் இருக்காமே சம்பந்தி, நம்ம முனிவர்கள் தங்கின இடமா?" என்றார். படியில் எதிரே வந்த ஒருவரும் "ரொம்பப் பழைய குகை" என்று சொல்லிவிட்டார். சமணனுக்கு இது போதாதா? கல்படுக்கை உண்டா, எழுத்து உண்டா என்று விசாரித்துக்கொண்டே மூச்சு வாங்க அலைந்தேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்துக்கு, கதையில் வரும் மராபார் குகைகளாக இந்த மலையையும் மாகடிப் பக்கத்துச் சாவனதுர்கத்தையும் காட்டினார். அதற்காகப் பாறையில் சிறு குகைவாயில்களைக் கொத்தினார்கள். காமிராவுக்கு வாயில் போதுமே!

நிஜமான முனிவர் குகைக்கு அடையாளம் வேறு. மதுரைப் பக்கத்து மாங்குளத்தில் பாருங்கள்: வழுவழுப்பாக இழைத்த படுக்கைகள், மழைநீர் உள்ளே வடியாதபடி மேலே வெட்டிய காடி, அதனருகே தமிழ் பிராமி எழுத்து. படுக்க இடமில்லாத குகையில் எந்த முனிவர் தங்குவார்?

சரி, மராபாருக்கு மூலம் எது? பீகாரில் கயாவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள பராபர் குகைகள். பார்ஸ்டர் தம் நாவலில் (1924) பெயரை மாற்றிக்கொண்டார். லீன் அங்கே போய்ப் பார்த்தார், படத்துக்கு எடுப்பாக இல்லை என்று விட்டுவிட்டார். ஆனால் உள்சுவர் கண்ணாடி போல் மெருகிட்டது. ஒரு சொல் சொன்னால் நெடுநேரம் முழங்கும். அசோகன் தன் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகத் துறவிகளுக்கு அவற்றில் இரண்டைத் தானம் செய்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

ஆசீவகர் எங்களுக்குப் பங்காளிகள். அவர்கள் தலைவர் மற்கலி, மகாவீரரோடு சில ஆண்டு இருந்து பிரிந்தவர் என்று எங்கள் நூல்கள் சொல்லும். எங்கள் நீலகேசி அவர்களோடு வாதிடவே ஒரு சருக்கம் ஒதுக்குகிறது. இன்று அந்தச் சமயமும் இல்லை, அவர்கள் நூலும் இல்லை. பராபர், நாகார்ஜுனிக் கல்வெட்டுகள் சிலவற்றில் 'ஆசீவகர்' என்ற சொல்லை மட்டும் யாரோ உளியால் கொத்தியிருக்கிறார்கள்.

சம்மேதசிகர் யாத்திரை போகும் எங்களவர்கள் பாவாபுரியோடு திரும்பிவிடுகிறோம். பிண்டம் போடக் கயா போகிற நீங்களும் அப்படித்தான். இதைச் சம்பந்தியிடம் போனில் சொன்னேன். "கார்த்திகை கழிச்சு டிக்கெட் போடுங்க, முட்டிவலிக்குத் தைலம் நான் கொண்டாறேன்" என்றார்.