குத்தூசி இருக்கா, பிரதர்?

பீச் - தாம்பரம் லோக்கலில் தினசரி தொங்கிக்கொண்டு போகிற அன்பரா நீங்கள்? அப்படியானால் ஒரு குட்டி க்விஸ். குரோம்பேட்டையில் இருக்கிற அந்த 'குரோம்' எங்கேயிருந்து வந்தது?

"கூகுள் குரோம் சார்!" என்றான், பக்கத்தில் நின்ற காலேஜ் பையன். தம்பி, அந்தப் பேர் வந்தபோது கூகுளை ஆரம்பித்தவர்களின் அப்பாக்கள்கூடப் பிறக்கவில்லை.

விஷயம் தோல். நம்ம ஊரில் அதுவரை ஆவாரம் பட்டையை ஊறவைத்துத்தான் தோல் பதனிடுவார்கள். வாரக்கணக்கில் வேலை. 1900-களின் ஆரம்பத்தில் மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்றொரு வெள்ளைக்கார இன்ஜினீயர், குரோமிய உப்பு போட்டுப் பதனிடும் முறையை இங்கே கொண்டுவந்தார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? ஷூவுக்கா, சூட்கேஸுக்கா? கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பார்களே, அந்தத் தோல் பைக்காக! தண்ணீரிலேயே கிடந்தால் பட்டைத் தோல் சீக்கிரம் போய்விடும், குரோம் தோல் தாங்கும். அப்புறம் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவ, கம்பெனிப் பேரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. தென்னந்தோப்பையும் ஏரியையும் பார்த்து ஊருக்குப் பேர் வைத்த தமிழ்நாட்டில், கெமிஸ்ட்ரியைப் பார்த்துப் பேர் வைத்த ஊர் இது!

இந்த குரோமுக்கும் கருவிக்கும் சம்பந்தம் இருக்கிறது. வருகிறேன்.

அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி, சானடோரியம் மெப்ஸில் வேலை பார்க்கும் என் நண்பருக்குப் போன வருஷம் திடீரென்று தோல் வேலை மேல் காதல் பிறந்தது. பகல் முழுக்கக் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்கிறோம், கையால் ஏதாவது செய்தால் என்ன என்ற நியாயமான ஏக்கம். ஆன்லைனில் ஆர்டர் போட்டார். பெட்டி வந்தது. உள்ளே அறுபத்துச் சொச்சம் ஐட்டம்! பூ அச்சு, இலை அச்சு, நட்சத்திர அச்சு, பல் டாக்டர் டேபிளில் இருக்கிற மாதிரி வளைந்த கம்பிகள்... எல்லாம் இருந்தது. வெட்டுகிற கத்தி மட்டும் வெண்ணெயைக்கூட யோசித்துத்தான் வெட்டும். ஒரு பெல்ட் அறுத்தார். ஓரம், சுவரில் பல்லி ஓடின பாதை மாதிரி வந்தது. பெட்டி இப்போது பரணில்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கிறவரிடம் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சாக்கு விரிப்பில் மொத்தம் எத்தனை கருவி? ஒரு வெட்டுக் கத்தி. ஒரு கொக்கி ஊசி. மூன்று காலுள்ள இரும்பு. ஒரு சுத்தி. தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த சாணைக்கல். மெழுகு, நூல். அவ்வளவுதான் தொழிற்சாலை! இதை வைத்துக்கொண்டு உங்கள் லேப்டாப் பையின் அறுந்த வாரை, அடுத்த லோக்கல் வருவதற்குள் தைத்துத் தந்துவிடுகிறார். ரகசியம் அந்தப் பள்ளம் விழுந்த கல்லில் இருக்கிறது. நாலு வெட்டு வெட்டுவார், கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுப்பார். மறுபடி நாலு வெட்டு.

எனவே உங்கள் பட்ஜெட்டில் முதல் செலவு கத்தி, இரண்டாவது செலவு அதைத் தீட்டுகிற சாமான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆரம்பத்தில் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அகலமான கட்டர் கத்தியே போதும். முனை மழுங்கினால் ஒடித்து எறிந்துவிடலாம். அதோடு ஒரு ஸ்டீல் ஸ்கேல். பிளாஸ்டிக் வேண்டாம், கத்தி அதையும் சேர்த்துச் சீவிவிடும். ஸ்கேலுக்கு அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தோலின் மேல் வழுக்காது. வெட்டும்போது ஒரே அழுத்தில் முடிக்கிற வீரம் கூடாது. முதல் கோடு லேசாக, பாதை போட மட்டும். அதே பாதையில் இரண்டாவது, மூன்றாவது. ஸ்கேலைப் பிடித்த விரல்கள் எப்போதும் கத்தி போகிற வழிக்கு வெளியே. மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும். அது நகராது, நாம் அழுத்துவோம், திடீரென்று வழுக்கும், அப்புறம் டிடி ஊசி!

அடியில் என்ன வைத்து வெட்டுவது? சமையல் மேடை கிரானைட்டில் வெட்டினால் கத்தி ஒரே நாளில் காலி. (வீட்டு அம்மணி பார்த்தால் நீங்களும்.) காய்கறி வெட்டுகிற பிளாஸ்டிக் பலகை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தீட்டுவதற்கு, அந்தக் கால சலூனில் நாற்காலியோரம் ஒரு தோல் வார் தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? பார்பர் சரக் சரக்கென்று கத்தியைத் தேய்ப்பார். அதேதான். ஒரு முழ நீளப் பலகையில் தோல் துண்டை ஒட்டி, மேலே பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பச்சை நிறம் குரோமியம் ஆக்ஸைடு. பாருங்கள், குரோம் விடமாட்டேன் என்கிறது! கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னே வருகிற மாதிரி இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் தோல்தான் அறுபடும். கூர் வந்துவிட்டதா என்று கட்டை விரலில் பார்க்காதீர்கள். நியூஸ்பேப்பரைக் கையில் தொங்கவிட்டு வெட்டுங்கள். கிழிக்காமல் வெட்டினால் பாஸ்.

அடுத்த ஹீரோ குத்தூசி.

ரோட்டோரம் பார்க்கிற ஊசியில் முனையில் சின்னதாக ஒரு கொக்கி வெட்டியிருக்கும். மேலிருந்து குத்தி, அடியில் நூலை மாட்டி இழுத்தால் வளையமாக மேலே வரும், அதற்குள் மறுமுனையை விட்டு இறுக்குவார். வேகமான தையல், பழகின கைக்கு. நம்ம மாதிரி ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளிகளுக்கு இரண்டு ஊசித் தையல் சுலபம். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வொரு மொட்டை ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வர வேண்டும். தையல் மெஷின் போடுகிற தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒரு இடத்தில் அறுந்தால், வரிசையாகக் கழன்று வரும். இரண்டு ஊசித் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அசையாது. மாம்பலம் கூட்டத்தில் பை வாரைப் பிடித்து ஆளையே இழுக்கிறார்களே, அதற்கு இதுதான் சரி!

நூல் எவ்வளவு வெட்டுவது? தைக்கிற நீளத்தைப் போல் நாலு மடங்கு. முதலில் எந்தப் பக்கத்து ஊசி போகிறதோ, கடைசி வரை அதே பக்கம்தான் முதலில் போக வேண்டும். நடுவில் மாற்றினால் தையல் சாய்வு மாறிவிடும், யாரோ இரண்டு பேர் தைத்த மாதிரி இருக்கும்.

குத்தூசி வாங்கும்போது முனையைப் பாருங்கள். உருண்டை முனை தோலை நெம்பி விலக்கும். டைமண்ட் முனை சின்னதாகக் கீறிக்கொண்டு போகும், தைத்த பிறகு ஓட்டை நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தையலுக்கு டைமண்ட்தான். ஓட்டைகளின் இடைவெளி சமமாக வருவதற்கு நாலு பல், ஆறு பல் வைத்த உளி விற்கிறார்கள். முதல் உளிக்கு நாலு மில்லிமீட்டர் இடைவெளி வசதி. உளி வாங்கும் வரை சாப்பாட்டு முள்கரண்டியை அழுத்தி அடையாளம் வைத்துக் குத்தூசியால் குத்தலாம். ஓரத்துக்கு இணையாகக் கோடு போட உங்கள் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் தூங்குகிற டிவைடர் இருக்கிறது. (பத்தாம் கிளாஸோடு விட்ட உறவு!)

உளியை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள். தலை நசுங்கிக் காளான் மாதிரி விரியும். தச்சர்கள் வைத்திருக்கும் கொட்டாப்புளி போதும்.

இப்போது குரோம் விவகாரத்துக்கு வருவோம். நண்பரின் பெட்டியிலிருந்த பூ அச்சுகள் ஏன் பதியவில்லை தெரியுமா? அவர் வாங்கியது குரோம் தோல். மெத்தென்று இருக்கும், தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் அச்சு நிற்காது. ஓரத்தைத் தண்ணீர் தடவி மரக்கட்டையால் தேய்த்தாலும் பளபளப்பு ஏறாது. அதெல்லாம் பட்டைத் தோலுக்குத்தான் ஆகும். அடையாளம் காண வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் பெரும்பாலும் குரோம். உள்ளும் புறமும் ஒரே பழுப்பென்றால் பட்டை. எந்தத் தோல் என்று முடிவு செய்யாமல் கருவி வாங்குவது, பொண்ணு பார்க்காமல் மண்டபம் புக் பண்ணுகிற கதை.

வாங்க எங்கே போவது? லோக்கலில் பார்க் ஸ்டேஷன். ரிப்பன் கட்டடத்தைத் தாண்டிப் பெரியமேடு. தோல், பக்கிள், நூல், பஞ்ச் எல்லாம் அந்தத் தெருக்களில்தான். முதலில் முழுத் தோல் கேட்காதீர்கள், துண்டுத் தோல் கேளுங்கள். முறையாகக் கற்க வேண்டுமா? கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-ல் பிறந்த சி.எல்.ஆர்.ஐ. அடையாறில்.

எனக்குக் கேட்டால் முதல் வாத்தியார் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். தோலைத் தொட்டவரைத் தொடாமல் தெருக்கோடியில் நிறுத்திய ஊர் நம்முடையது. அதே வேலைக்கு இன்று 'கிராஃப்ட்' என்று பேர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை வொர்க்‌ஷாப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். இவரிடம் மட்டும் வார் தைக்கப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம்! "ஐயா, கத்தி தீட்டச் சொல்லித் தர்றீங்களா?" என்று நான் கேட்டதும், கிண்டல் பண்ணுகிறேனோ என்று ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சாக்கில் இடம் ஒதுக்கி, "உக்காருங்க சார், நின்னுக்கிட்டா கூர் வராது" என்றார். வொர்க்‌ஷாப்புக்குக் கட்டுகிற பணத்தில் பாதியை இவரிடம் கட்டணமாகவே கொடுங்கள். டிப்ஸ் என்று சொல்லாதீர்கள்.

முதல் வேலையாகப் பெல்ட் செய்யுங்கள். தையலே வேண்டாம், பக்கிளை ஸ்க்ரூவில் மாட்டலாம். மூன்று, நாலு மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைத் தோல். இப்போது கட்டியிருக்கிற பெல்ட்டில், பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் மாட்டுகிற ஓட்டை வரை அளவெடுங்கள். புது பெல்ட்டில் அதுதான் நடு ஓட்டை. ஒரு அங்குல இடைவெளியில் தொப்பை ஏறினால் இந்தப் பக்கம் இரண்டு, இறங்கினால் (இறங்கினால்!) அந்தப் பக்கம் இரண்டு. ஓட்டைக்குத் தனி பஞ்ச் வாங்குங்கள். சுற்றிச் சுற்றி ஆறு அளவு காட்டுகிற மலிவான பஞ்ச் இடுக்கி, தடித் தோலைப் பார்த்தால் வளைந்து கும்பிடு போட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் நிற்கிற நாட்களில் தோலில் பூஞ்சை, கருவியில் துரு. வேலை முடிந்ததும் உளியையும் குத்தூசியையும் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். அழகாக இருக்கிறதே என்று பட்டைத் தோலில் உறை தைத்து அதிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஈரத்தில் இரும்பும் பட்டைச் சத்தும் சேர்ந்தால் தோல் கறுக்கும், கருவி துருப்பிடிக்கும். எண்ணெய் டப்பாவை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள். தையல் மெஷின் யாருடையது என்பது உங்களுக்கே தெரியும்.