மெதுவான வீட்டு இணையம்: பழுது யார் பக்கம்?

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள், முகப்பில் ஒடுங்கி உள்ளே நீண்டு, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு எனத் தடித்த செங்கற் சுவர்களால் பிரிக்கப்பட்டவை ஆதலால், வாசலையொட்டிப் பொருத்தப்படும் ஒற்றை ரவுட்டரின் வைஃபை அலை கொல்லைப்புறத்தை எட்டுவதற்குள் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. திருச்சியின் நெருக்கமான அடுக்ககங்களிலோ, அண்டை வீட்டு ரவுட்டர்கள் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்வதால் வேகம் குறைகிறது. இவை வீட்டுக்குள் எழும் குறைகள். தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழையில் நேரும் பழுதுக்குச் சேவை நிறுவனமே பொறுப்பு. ஆகவே, வீட்டுக்குள் அலையைப் பரப்பும் மெஷ் ரவுட்டர் வாங்குவதற்கு முன் இவ்விரண்டையும் பிரித்தறிவது வீண்செலவைத் தடுப்பதோடு, பின்னர் உரிமை கோருவதற்கான சான்றாகவும் அமைகிறது.

பிரித்தறியும் முறை

கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் ஓஎன்டி பெட்டியுடன் மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் நேரடியாக இணைத்து, பிற கருவிகளைத் துண்டித்துவிட்டு, காலையிலும் இரவிலும் சில நாட்கள் வேகத்தை அளந்து, தேதியுடன் திரைப்பிடிப்பாகச் சேமிக்க வேண்டும். கம்பியிலேயே வேகம் குறைந்தாலோ, ஒளிக்குறி இழப்பைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, பழுது பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். கம்பியில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் வீட்டின் பக்கம். திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுவதால், 100 மெகாபிட் இணைப்பில் பதிவிறக்கம் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்டாது என்பதையும், திட்டத்தின் தரவு வரம்பு முடிந்தபின் வேகம் குறைக்கப்படலாம் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

மெஷ் எதைத் தீர்க்கும்

மெஷ் என்பது பல அலைப்பெட்டிகள் ஒரே பெயரில் ஒரே வலையாக இயங்கும் அமைப்பு. அது அலையைப் பரப்புமேயன்றி, இழையில் வராத வேகத்தை உண்டாக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரில் எளிதில் வலுவிழக்கும். எனவே இரண்டாம் பெட்டியை, அலையே எட்டாத பின்னறையில் வைக்காமல், முதற்பெட்டியின் அலை நன்கு கிடைக்கும் கூடத்திலோ முற்றத்தின் ஓரத்திலோ வைப்பது நலம். பெட்டிகளைக் கம்பியால் இணைத்தால் அவை தமக்குள் பேசுவதற்கு வைஃபையைச் செலவிடுவதில்லை. ஓஎன்டியும் மெஷும் ஒருசேர ரவுட்டராக இயங்கிக் குழப்பம் விளைந்தால், ஒன்றை, ரவுட்டர் பணியை நிறுத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்ற வேண்டும். பெட்டிகளுக்கு ஆலையில் அமைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும், உதவிக்காகத் தேடுபொறியில் கிடைக்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண்ணை நம்பித் திரையைப் பகிர்வதும் ஆபத்தானவை. பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யலாம்.

உரிமையும் தீர்வும்

2023 ஜனவரியில் வெளியான வரையறைப்படி, பதிவிறக்க வேகம் நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் ஓர் இணைப்பு பிராட்பேண்ட் எனப்படும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. ஆனால் அதன் 2012 ஆம் ஆண்டு விதிமுறைகள், நிறுவனத்தின் புகார் மையம் ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் எனும் பதிவு எண் வழங்க வேண்டும் என்றும், அங்கே தீராதவற்றை நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொண்டுசெல்லலாம் என்றும் வகுத்துள்ளன. மேல்முறையீடு 39 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும்.

அதன் பின்னரும் குறை நீடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ நாடலாம். அல்லது திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிடில் வழக்குக் கட்டணம் இல்லை. தந்திச் சட்டத்தைக் காட்டி இவ்வழியை அடைக்க எழுந்த வாதத்தை, 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. “உங்கள் வீட்டு வைஃபையில்தான் கோளாறு” என்ற பதிலோடு புகார் முடித்துவைக்கப்படும்போது, கம்பியில் அளந்த தேதியிட்ட பதிவுகளும் டாக்கெட் எண்ணுமே நுகர்வோரின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும்.