உயிரோடு பிறந்துவிட்டால்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கனமானது, மெதுவாகவே போவோம். கருவைக் கலைக்கப் போன இடத்தில் குழந்தை உயிரோடு பிறந்துவிட்டால், அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியது யார்?

அமெரிக்காவில் 2002-லேயே ஒரு சட்டம் வந்தது. எத்தனை மாதத்தில் பிறந்தாலும், கருக்கலைப்பின்போதே பிறந்தாலும், உயிரோடு வந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் மனிதர்தான் என்றது அது. வைத்தியம் பார்க்கத் தவறும் மருத்துவருக்குத் தண்டனை தரும் இன்னொரு மசோதா 2023-லும் 2025-லும் கீழவையில் நிறைவேறியது. ஆனால் செனட்டைத் தாண்டவில்லை. அங்கே அது கட்சிச் சண்டையாகிவிட்டது. நம் ஊரில் சண்டையும் இல்லை, தனிச் சட்டமும் இல்லை.

இப்படி உயிரோடு பிறப்பது அடிக்கடி நடப்பதில்லை. கருக்கலைப்புகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2021-ல் திருத்திய இந்தியக் கருக்கலைப்புச் சட்டப்படி பொதுவாக 20 வாரம் வரை அனுமதி உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், பதினெட்டு வயது நிரம்பாதவர் போன்ற சிலருக்கு 24 வாரம் வரை. அதற்கும் மேல் என்றால், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் தவிர, மற்றவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. சிக்கல் எழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரிசையில்தான்.

அவ்வளவு தாமதமாக வருகிறவர்கள் யார்? ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். கெடுத்தவன் உறவுக்காரன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிகிறது. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை, போலீஸ், மருத்துவக் குழு, அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், பக்கத்துத் திருவாரூர்க்காரர் சென்னைக்கு. மனு வந்த மூன்று நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் குழுவின் வாசல் வரை வந்து சேர்வதற்கு எந்த விதியும் நாள் குறிக்கவில்லை. 22 வாரம் 26 வாரமாவது இப்படித்தான். 26 வாரத்துக் குழந்தை, நல்ல இங்குபேட்டரும் மூச்சுக் கருவியும் கிடைத்தால், பிழைத்துவிடக் கூடும்.

பிறந்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். கர்ப்பத்துக்கு எத்தனை வாரம் என்று அது கேட்பதில்லை. வெளியே வந்தபின் மூச்சு விட்டாலோ, உயிரின் வேறு அடையாளம் காட்டினாலோ அது உயிருள்ள பிறப்பு. பிறந்த குழந்தை சாக வேண்டும் என்ற நோக்கத்தோடு பிரசவத்துக்கு முன் ஒரு செயலைச் செய்து, அதனால் குழந்தை இறந்தால், தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததாக இருந்தாலொழிய, பத்தாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 91-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 315-ஆம் பிரிவுதான் அது.

இவை எல்லாம் எதைச் செய்யக் கூடாது என்பவை. எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரலில். நீதிபதிகள் ஓகா, சோனக் அமர்வு. கலைக்க முயன்றும் குழந்தை உயிரோடு பிறந்தால், கிடைக்கக்கூடிய சிறந்த சிகிச்சையை அதற்குக் கொடுக்கும் முழுப் பொறுப்பு அந்த மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் உண்டு. பெற்றோர் ஏற்க விரும்பவில்லை, அல்லது ஏற்கும் நிலையில் இல்லை என்றால், அரசு ஏற்க வேண்டும். இதில் தாயைக் குற்றவாளியாக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குழந்தையைக் காப்பதற்காகப் பெண்ணைத் தண்டிக்க வேண்டியதில்லை. பெண்ணின் முடிவை மதிப்பதற்காகக் குழந்தையைக் குளிர்ந்த தட்டில் விட வேண்டியதும் இல்லை.

2023 ஆகஸ்டில் குஜராத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் போனது. வன்கொடுமையால் உண்டான கர்ப்பம், 27 வாரம் கடந்துவிட்டது. கலைக்க அனுமதித்தது. சிசு உயிரோடு இருந்தால் இங்குபேட்டர் உட்பட எல்லா உதவியும் தர வேண்டும், பிறகு அரசு தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இரண்டே மாதத்தில் வேறொரு வழக்கில், 26 வாரம் ஆன நிலையில், சிசு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, இதயத்துடிப்பை நிறுத்திவிட்டுக் கலைப்பதா என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதிக் கேட்டார். நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் மூன்று பேர் அமர்வு அனுமதி மறுத்தது.

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். மும்பைத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த ஒரு பெண்ணின் வழக்குக்கான உத்தரவு. கருக்கலைப்புச் சட்டமோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராத கதைதான். நடுராத்திரியில் பிரசவ வார்டில் நிற்கும் பயிற்சி மருத்துவர் தீர்ப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 22 வாரத்தில் நுரையீரல் மூச்சுக்குத் தயாராக இருப்பதில்லை. அந்தக் குழந்தைக்கு வைத்தியம் என்பது சூடு குறையாமல் போர்த்துவது, வலி தெரியாமல் பார்ப்பது, கையில் ஏந்தியிருப்பது. 27 வாரத்துக் குழந்தைக்கு நுரையீரல் மருந்தும் மூச்சுக் கருவியும் வேண்டும். எது எந்தக் குழந்தைக்கு என்பதைக் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விரும்பிய பிரசவம் என்பதற்காக எந்திரத்தைத் திணிக்கவும் கூடாது, கலைப்பு என்பதற்காக மறுக்கவும் கூடாது.

மாநில அரசு ஒரே பக்கத்தில் ஆணை போடலாம். 24 வாரம் கடந்த கலைப்பு எதுவானாலும் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். குழந்தை மருத்துவருக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். சிசுவின் இதயத்துடிப்பை நிறுத்துவதா என்பதைப் பெண்ணிடம் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்தால் அவளிடம் கையெழுத்துக்கு நெருக்கக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தாலும், மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவளுக்குப் புரியும் தமிழில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். செலவு முழுவதும் அரசுடையது.