கல்லும் காகிதமும்: பழைய போலீஸ் குடும்பங்களைத் தேடும் வழி

விக்டோரியா அரசியார் ஆட்சி செலுத்திய 1837 முதல் 1901 வரையுள்ள காலத்தில், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியருமான போலீஸ் அதிகாரிகள் பணியாற்றினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று முன்னோரைத் தேட முற்படுங்கால், கையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு பெயரும் ஓர் ஊருமே. அவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றை அமைப்பது எவ்வாறு?

முதலில் ஜில்லாவை அறிதல் வேண்டும். சித்தூர் தனி ஜில்லாவானது 1911-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் அது வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். திருப்பதியும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆகவே 1880-இல் வாழ்ந்த ஒருவரைச் சித்தூர் ஜில்லா என்ற தலைப்பில் தேடுவது வீண் உழைப்பாகும். திருப்பதி என்ற பெயரை ஆங்கிலேயர் 'திரிபெட்டி' என்றும் எழுதினர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்தது உத்தியோகம். 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் சென்னை மாகாணப் போலீஸைத் தனித் துறையாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். ஜில்லாதோறும் ஒரு சூப்பரிண்டெண்டு, அவருக்குக் கீழ் இன்ஸ்பெக்டர்கள், கான்ஸ்டபிள்கள் என்ற அமைப்பு ஏற்பட்டது. உயர் அதிகாரிகளின் நியமனம், விடுப்பு, மாற்றல் ஆகியவை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியாயின. ஒருவர் எந்த ஆண்டில் எவ்வூரில் இருந்தார் என்பதை அதனால் வரிசைப்படுத்தலாம். மாற்றல் உள்ள வேலையாதலின், மூத்த பிள்ளை ஓரூரிலும் இளைய பிள்ளை வேறோர் ஊரிலும் பிறந்திருக்கக் கூடும்.

மூன்றாவது பத்திரிகை. 1868-இல் தொடங்கிய 'மெட்ராஸ் மெயில்' போன்ற இதழ்கள் பிறப்பு, மணம், இறப்பு அறிவிப்புகளை வெளியிட்டன. ஆயின் பிறப்பு அறிவிப்புகளில், இன்ன அதிகாரியின் மனைவிக்கு ஆண் குழந்தை என்று மட்டும் சொல்வதே அக்கால வழக்கம். தாயின் பெயர் இராது. அவள் பெயரை அறியத் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டையே நாட வேண்டும். அதில் தாய் தந்தையர் பெயரும் தந்தையின் தொழிலும் காணப்படும். இப்பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஞானஸ்நான நாள் பிறந்த நாளன்று என்பதையும் மறத்தல் கூடாது.

நான்காவது கல்லறை. கல்லில் இறந்த நாளும் வயதும் இருப்பின், பிறந்த ஆண்டை ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம். இறந்த நாளை அடுத்து வந்த சில நாட்களின் இதழ்களைப் புரட்டினால் அறிவிப்பும் அகப்படக் கூடும். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் வெளியிட்டார். எனினும் வரலாற்றுச் சிறப்புடையவை என அவர் கருதியவற்றின் தொகுப்பு அது. எளிய இன்ஸ்பெக்டர் ஒருவரின் குழந்தைக்கு நட்ட சிறு கல் அதில் இடம்பெறாமற் போயிருக்கலாம். அத்தகைய கல் மழையிலும் வெயிலிலும் தேய்ந்தபின், அதனைப் படிப்பது கடினம்.

இவ்வளவும் அதிகாரிகளைப் பற்றியது. படையின் பெரும்பகுதியாக இருந்த நம் நாட்டுக் கான்ஸ்டபிள்களுக்கோ பத்திரிகை அறிவிப்பு இல்லை. உடலை எரிக்கும் வழக்கமுடையோர்க்குக் கல்லறையும் இல்லை. அவர்களைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தின் அரசாங்க ஆணைகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களிலுமே தேட வேண்டும். அதிகாரியின் மனைவி பெயரின்றி மறைந்தாள். கான்ஸ்டபிளோ குடும்பத்தோடு மறைந்தான்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. அருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசகங்களை, அவை அழியுமுன் எழுத்து மாறாமல் படியெடுத்து வைத்தல் ஒன்று. நம் வீட்டு முதியோரிடம் பாட்டன், பாட்டியின் பெயர்களையும் ஊர்களையும் கேட்டு இன்றே குறித்து வைத்தல் மற்றொன்று. கல் சில காலம் நிற்கும். நினைவு அவ்வளவு காலமும் நில்லாது.