இறக்கத்தில் ஒயில் பிரேக் தளர்கிறதா?

பெரகலையிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ-4 வீதியில் முச்சக்கர வண்டியில் சரக்கு அனுப்பும் வியாபாரிக்கு, பொருளும் உயிரும் பிரேக்கை நம்பியே இருக்கின்றன. பிரேக் பிடிப்பது குறைந்தால் கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் பெடலே காட்டிவிடும்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்தபடியே இருக்க மெல்லக் கீழே போனால், எங்காவது ஒயில் கசிகிறது. வெளியே கசிவு தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் பழுது. பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், லைனரில் ஒயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் சரியாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மட்டும் தளர்ந்தால் பழைய ஒயிலைச் சந்தேகியுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதோ 140 பாகையிலேயே கொதிக்கக் கூடும். அப்போது உண்டாகும் ஆவிக் குமிழிகள்தான் அமுங்கும். சில்லுக்கு அழுத்தம் போகாது. சூடு ஆறியதும் பிரேக் திரும்பிவிடுவதால் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒயிலை முழுதாக மாற்றுங்கள். திறந்து நாட்பட்ட போத்தலைப் பாவிக்க வேண்டாம். என்ஜின் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். இறப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். இறக்கத்தில் சிறிய கியரிலேயே இறங்குங்கள். வாடகை வண்டியில் சரக்கு ஏற்றுபவர்களும், ஒயில் மாற்றியது எப்போது என்று சாரதியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.