வெடி நம்ம ஊர்ல, சட்டம் எந்த ஊர்ல?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவைகளை வெட்டியிருக்கேன், மத்தபடி பேசினது பேசினபடியே.

"ஒரு நகரம் தன் எல்லைக்குள்ள துப்பாக்கி வேண்டாம்னு தானே சட்டம் போட்டுக்கலாமா?" அமெரிக்காவுல ஓயாம ஓடுற சண்டை இது. இந்தக் கேள்வியை நான் எம். புதுப்பட்டிக்குக் கொண்டு போகப் போறேன். விருதுநகர் மாவட்டம், சிவகாசி பக்கம். அங்க துப்பாக்கி இல்லை, பட்டாசு இருக்கு. என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நம்ம அரசமைப்புச் சட்டத்துக்கு ரெண்டும் ஒரே வரி.

ஏழாவது அட்டவணையில எந்த விஷயத்துக்கு யார் சட்டம் போடலாம்னு மூணு பட்டியல் இருக்கு. அதுல ஒன்றியப் பட்டியலின் 5-வது வரி: ஆயுதங்கள், சுடுகலன்கள், தோட்டாக்கள், வெடிபொருட்கள். அதாவது நாடாளுமன்றம் மட்டும்தான். சென்னை மாநகராட்சி இல்லை, தமிழ்நாடு சட்டமன்றமே இல்லை. மாநகராட்சிகளுக்கு என்னென்ன அதிகாரம் தரலாம்னு 12-வது அட்டவணை 18 விஷயங்களைச் சொல்லுது. தெருவிளக்கு இருக்கு, ஆடு மாடு வெட்டும் கூடம் இருக்கு, தீயணைப்புகூட இருக்கு. வெடிமருந்து இல்லை.

துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டம். லைசென்ஸ் தர்றது கலெக்டர், சென்னை மாதிரி ஊர்ல போலீஸ் கமிஷனர். கையெழுத்து உள்ளூர்ல, சட்டம் டெல்லியில. ஒரு வட்டாரத்துக்குத் தனி விதி வேணும்னாலும் டெல்லிதான் தரணும். கர்நாடகாவுல குடகு மக்களைப் பாருங்க. குடவர்களும், ஜம்மா நிலம் வெச்சிருக்கவங்களும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை லைசென்ஸ் இல்லாம வெச்சுக்கலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-ல ஒன்றிய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சது. அந்த ஊரோட வழக்கம்தான், ஆனா தேதி போட்டு நீட்டிக்கிறது உள்துறை அமைச்சகம்.

இப்போ பட்டாசு. இதுக்கு 1884 வெடிபொருள் சட்டம், 2008 விதிகள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையை 'பயர் ஆபீஸ்'னு சொல்வாங்க. "அது என்ன லைசென்ஸ்?"னு கேட்டா ஊர் பேரோட பதில் வரும். ஒரு நேரத்துல 15 கிலோ வரைக்கும்தான் மருந்து கையாளுற சின்ன ஆலைன்னா 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்', மாவட்ட நிர்வாகம் தர்றது. அதுக்கு மேல போனா 'சென்னை லைசென்ஸ்'. இன்னும் பெருசுன்னா 'நாக்பூர் லைசென்ஸ்'. ஏன்னா ஒன்றிய அரசோட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூர்ல இருக்கு. எம். புதுப்பட்டியில ஒரு அறையில எத்தனை பேர் உக்காந்து மருந்து அடைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்ங்கிறதெல்லாம் ஒன்றிய அரசு எழுதின விதி.

அப்போ பஞ்சாயத்து? கட்டட அனுமதி மாதிரி சில காகிதங்கள்ல அதுக்குப் பங்கு இருக்கு. "எங்க ஊர்ல இனிமே ஃபேன்சி ரகம் செய்யக் கூடாது"ன்னு தீர்மானம் போட்டா, அது கலெக்டருக்குக் கொடுத்த மனு மாதிரிதான்.

இது வெறும் காகிதச் சண்டை இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில நடந்த விபத்துல 40 பேருக்கு அருகில் செத்துப் போனாங்க. 2023 அக்டோபர் 17, எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்துலயும், அதே நாள் கிச்சநாயக்கன்பட்டியிலயும் வெடிச்சதுல மொத்தம் 14 பேர். ரெங்கபாளையத்துல செத்தவங்க பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் அதே வார்த்தைகள் செய்தியில வரும்: அளவுக்கு மீறின ஆட்கள், அளவுக்கு மீறின மருந்து, உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை நடத்துறது வேற ஆளா இருக்கும். இது அந்த ஊர்ல டீக்கடையில உக்காந்திருக்கவருக்கே தெரியும். விதி எழுதினவருக்கும் தெரியும். நடுவுல வந்து சோதனை பண்ண வேண்டியவங்கதான் எண்ணிக்கையில குறைவு.

கதையோட அடுத்த பாதி டெல்லியில நடக்குது, எனக்கு இதுதான் ரொம்ப சுவாரஸ்யம். வெடிபொருள் பத்தி டெல்லி மாநில அரசும் சட்டம் போட முடியாது. ஆனா காத்து? காற்று மாசுச் சட்டமும் நாடாளுமன்றம் போட்டதுதான். அதைச் செயல்படுத்துற அதிகாரம் மட்டும் அந்தந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு இருக்கு. அந்தக் கதவு வழியா டெல்லி பட்டாசு விற்பனை, இருப்பு, வெடிக்கிறது எல்லாத்தையும் தடை பண்ணுச்சு. 2024 டிசம்பர்ல அதை வருஷம் முழுக்கன்னு ஆக்கினாங்க. 2025 தீபாவளிக்கு உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் கொஞ்ச நாள் வழி விட்டது. அதுக்கு முன்னாடி, சுத்தமான காத்து டெல்லிக்காரங்களுக்கு மட்டும்தானான்னு அதே நீதிமன்றமே கேட்டுச்சு.

2021 அக்டோபர்ல முதல்வர் ஸ்டாலின் டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், ஒடிசா முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். முழுத் தடை வேண்டாம், சுமார் 8 லட்சம் பேரோட பிழைப்பு இதுல இருக்குன்னார். கவனிங்க: ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குக் கடிதம்தான் எழுத முடியும். இந்தியாவோட பட்டாசுல 90 சதவீதம் வரை சிவகாசி வட்டாரத்துல செய்யுறதா சொல்றாங்க. அப்போ எங்கேயோ ஒரு நகரம் தன் காத்துக்காக எடுக்குற முடிவு புதுப்பட்டியில வாரக்கூலியா வந்து விழுது. தூரத்து நகரத்துக்கு அந்தத் தொழிலை நிறுத்த ஒரு வழி இருக்கு. தொழில் நடக்குற ஊருக்கு அதைத் திருத்த வழி இல்லை. எனக்கு டெல்லிக்காரங்க நுரையீரல் மேல கோபம் இல்லை, அவங்க கேக்குறது நியாயம். அதே அளவு குரல் ரெங்கபாளையத்துக்கும் இருக்கணும்னுதான் சொல்றேன்.

மாநிலங்களுக்குக் கிடைக்கிற இடமும் சின்னதுதான். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ராத்திரி 8 முதல் 10 வரைக்கும் தான் வெடிக்கலாம்னு சொன்னது. சரவெடிக்குத் தடை, பேரியத்துக்கும் தடை. நமக்குத் தீபாவளி விடியக்காலை எண்ணெய்க் குளியலோட ஆரம்பிக்குது, ராத்திரி இல்லைன்னு தமிழ்நாடு போய்க் கேட்டுச்சு. ரெண்டு மணி நேரத்தை எப்படி வேணா பிரிச்சுக்கோ, ஆனா ரெண்டு மணி நேரம்தான்னு பதில். அதுல வந்ததுதான் காலை 6 - 7, மாலை 7 - 8. அதிகமாவும் போக முடியாது: 2021-ல கல்கத்தா உயர் நீதிமன்றம் மேற்கு வங்கம் முழுக்க எல்லாப் பட்டாசையும் தடை பண்ண, சில நாள்லயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு.

அமெரிக்காவுல இது தலைகீழ். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பட்டாசை முழுசா தடை பண்ணலாம், பண்ணியும் இருக்கு. ஆனா கைத்துப்பாக்கியைத் தடை பண்ண முடியாது. சிகாகோ 1982-ல இருந்து அப்படி ஒரு தடையை வெச்சிருந்தது. 2010-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னுடுச்சு. அங்க துப்பாக்கி அரசமைப்புச் சட்டம் தர்ற உரிமை. போதாக்குறைக்கு 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் நகரங்களோட கையைத் தனியா கட்டி வெச்சிருக்கு.

சட்டமே இல்லாம ஒரு ஊர் சாதிச்ச கதையும் நம்ம பக்கமே இருக்கு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டின ஊர். பறவைகள் பயந்துடும்னு தலைமுறையா தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. யாரும் அபராதம் போடல, ஊர்க்கட்டுப்பாடுதான். ஆனா அது வெடிக்காம இருக்குறதுக்குச் சரி. சம்பளத்துக்கு மருந்து அடைக்கிற இடத்துல ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவு தூரம் நிக்கும்?

சரி, புதுப்பட்டி மாதிரி ஊருக்கு இன்னிக்கு இருக்குற ஒரே சந்து எது? தடையில்லாச் சான்று. சென்னை, நாக்பூர் லைசென்ஸ்னாலும் முதல்ல அந்த இடத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடையில்லாச் சான்று தரணும். வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்புன்னு விசாரிச்சுட்டுத்தான் தருவாங்க. கிராம சபைத் தீர்மானத்தையும் மனுவையும் கொண்டு போய் வைக்க வேண்டிய நேரம் அது. லைசென்ஸ் வந்தப்புறம் கொடுக்குற மனு நாக்பூர் வரைக்கும் பயணம் போகணும்.