உங்கள் புராஜெக்டுக்கு எந்தப் பஞ்சாங்கம்?

சனி பகவான் மகரத்திலிருந்து கும்பத்துக்கு எப்போது போனார்? திருக்கணிதக்காரர் '2023 ஜனவரி 17' என்பார். திருநள்ளாறு கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கக் கட்சி. அங்கே விழா நடந்தது டிசம்பர் 20-ல்! 2025 மார்ச் 29-க்கும் இதே குழப்பம். 'எங்கள் கணக்கில் பெயர்ச்சி 2026-ல்தான்' என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டுமே பஞ்சாங்கம்தான். எது எங்கே செல்லும் என்று தெரியாமல் பஸ் ஏறினால், நள தீர்த்தத்தில் வெறும் குளியல்தான்!

சாஃப்ட்வேர் ஆபீஸில் ஏ.ஐ. உதவியாளரைச் சேர்க்கும்போதும் இதே கதை. இருக்கிற ஃபைலையெல்லாம் அதன் வாயில் கொட்டுகிறோம். அது மூன்று வருஷப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, சத்தியம் பண்ணாத குறையாகப் பதில் சொல்கிறது. கிளையன்ட்டிடம் டோஸ் வாங்குவது நீங்கள்!

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். (ஜாதகம் இல்லை சார்!) என்ன தகவல், எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தியது, இரண்டு இடத்தில் முரண்பட்டால் எது செல்லும்... ஐந்தே கட்டம். அதை உதவியாளருக்கும் கொடுங்கள். 'இதில் இல்லாததைக் கேட்டால், தெரியாது என்று சொல்' என ஒரு வரியும் சேருங்கள்.

சாஃப்ட்வேர் இப்போது என்ன செய்கிறது என்பதற்கு புரோகிராமே சாட்சி. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, கிளையன்ட் கையெழுத்துப் போட்ட டாக்குமென்ட். ஏன் அப்படிச் செய்தோம்? அது பெரும்பாலும் எந்த ஃபைலிலும் இருக்காது. சீனியர் அண்ணன் மண்டைக்குள் இருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் 'பெயர்ச்சி' ஆவதற்குள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து எழுதி வாங்கிவிடுங்கள். இந்தப் பெயர்ச்சிக்கு எந்தப் பஞ்சாங்கமும் தேதி சொல்லாது!